29 அங்குல வில், 26.5 அங்குல ஆள்: முதல் காம்பவுண்டு வில் வாங்கிய ஒரு நிகழ்வின் பதிவு

கோவைக்கு அருகே ஒரு சிறிய வில்வித்தை மைதானத்தில் உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். 2024 ஜனவரியிலிருந்து சுமார் 13 மாதங்கள் ஒரு மாணவரோடு நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அவரும் அவருடைய பெற்றோரும் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் எழுதி முடித்தேன். யாரென்று தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். இந்த நிகழ்வில் நான் எடுத்த முதல் முடிவு தவறானது. அதை மறைத்தால் இந்தப் பதிவால் யாருக்கும் பயனில்லை.

பின்னணி

மாணவருக்கு அப்போது 18 வயது, பொறியியல் முதலாண்டு. பள்ளி நாட்களில் கபடி ஆடியவர், நல்ல உடல்கட்டு. அப்பா விசைத்தறிப் பட்டறையில் மேஸ்திரி, அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார்.

2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்டு (இரு முனைகளிலும் சக்கரம் வைத்த வில்) பிரிவின் 5 தங்கங்களையும் இந்தியா வென்றது. ஜோதி சுரேகா, ஓஜஸ் தேவ்தலே ஆகியோரின் ஆட்டங்களை மாணவர் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார். அந்த மாதமே வில் தேடத் தொடங்கிவிட்டார். டிசம்பரில் வேறொரு ஊரிலிருந்து ஒருவர் விற்ற பழைய வில்லை, நேரில் பார்க்காமல், படங்களை மட்டும் பார்த்து வாங்கினார். வில், பை, 6 கார்பன் அம்புகள், மணிக்கட்டில் கட்டி நாணைப் பிடித்து விடும் ரிலீஸ், குறி பார்க்க ஒற்றை ஊசி சைட், எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். அதில் பாதி அவர் பகுதி நேர வேலை செய்து சேர்த்த பணம்.

வாங்கும்போது அவர் பார்த்தவை இரண்டு எண்கள். ஒன்று 70 பவுண்டு இழுவிசை, அதாவது வில்லை இழுக்கத் தேவையான விசை. இன்னொன்று வினாடிக்கு 330 அடி வேகம். வில் விற்பவர்கள் இந்த இரண்டையும்தான் முன்னால் எழுதுகிறார்கள், அதனால் புதிதாக வாங்குபவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விளம்பரத்தில் வரும் வேகம் வழக்கமாக 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு நீளம் (வில்லை முழுக்க இழுக்கும்போது நாண் வந்து நிற்கும் தூரம்), 350 கிரெய்ன் (அம்பு எடையின் சிறிய அலகு) எடையுள்ள அம்பு என்ற கணக்கில் அளந்தது. இழுப்பு நீளம் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய 10 அடி வேகம் போய்விடும். இலக்குப் போட்டிகளில் காம்பவுண்டு வில்லுக்கு 60 பவுண்டுதான் உச்ச வரம்பு என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் வாங்கியது வேட்டைக்காக வடிவமைத்த வில். வெளிநாடுகளில் மரத்தின் மேல் உட்கார்ந்து மான் வேட்டையாடுபவர்களுக்கு அது நல்ல கருவியாக இருக்கலாம். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. இங்கே ஒருவர் காம்பவுண்டு வில் எடுத்தால் 18 மீட்டரிலோ 50 மீட்டரிலோ காகித இலக்கை நோக்கித்தான் நிற்கப் போகிறார்.

முதல் நாள் கவனித்தவை

ஜனவரி இரண்டாவது வாரம் அப்பாவும் மகனும் வில்லோடு வந்தார்கள். முதலில் எந்தக் கண் ஆதிக்கமானது என்று பார்த்தேன். வலது கண், வலது கைக்காரர், வில்லும் வலது கை வில். அதில் சிக்கல் இல்லை.

அடுத்து கைகளை விரிக்கச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்தேன். 168 செ.மீ., அதாவது 66 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அதை 2.5ஆல் வகுத்தால் இழுப்பு நீளம் ஏறக்குறைய 26.5 அங்குலம். இது தொடக்கக் கணக்குதான். அதன் பிறகு லேசான பயிற்சி வில்லில் குறியிட்ட அம்பை வைத்து இழுக்கச் சொல்லிப் பார்த்தேன், அப்போதும் 26.5தான் வந்தது. அவருடைய வில் 29 அங்குலத்துக்கு அமைக்கப்பட்டிருந்தது.

இந்த இரண்டரை அங்குலம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதை இங்கே விளக்க வேண்டும். சக்கரம் இல்லாத ரீகர்வ் வில்லை யாரும் தன் கைக்கு வந்த அளவு இழுக்கலாம், எங்கே நிறுத்துகிறோமோ அதுதான் நீளம். காம்பவுண்டு வில் அப்படி இல்லை. இரு முனைகளிலும் இருக்கும் கேம் என்ற கோணல் சக்கரங்கள் சுழன்று, ஒரு இடத்தில் சட்டென்று எடை குறைந்து, அதற்கு மேல் போகாமல் சுவரில் முட்டியது போல நிற்கும். அந்த இடம் வில்லில் ஏற்கெனவே அமைக்கப்பட்ட ஒன்று. ஆள் குட்டையா நெட்டையா என்று வில்லுக்குத் தெரியாது.

இதை நான் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா குனிந்து கேமை விரலால் தடவிப் பார்த்தார். "இது நம்ம தறியில இருக்கிற டாப்பெட் மாதிரிங்களா சார்? அதோட வளைவு எப்படியோ அப்படித்தானுங்களே ஓட்டமும் இருக்கும்" என்றார். அதேதான். மகன் பல வாரம் படித்தும் பிடிபடாத விஷயம் அவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது.

5 மீட்டர் தூரத்தில், அம்பு வைத்து, ஒரு முறை இழுக்கச் சொன்னேன். முதுகு பின்னால் வளைந்தது. தலை பின்னால் சாய்ந்தது. தாடையோரம் நிற்க வேண்டிய கை காது மடலைத் தாண்டிப் போனது. நாண் மூக்கைத் தொடவே இல்லை. இடது முழங்கை முழுக்க நீட்டி இறுகிப்போய், இடது தோள் காதுக்கு ஏறியது. விட்டதும் நாண் முன்கையில் அறைந்தது. கைக்காப்பு போட்டிருந்ததால் காயம் இல்லை.

இழுவிசையைத் தொங்கு தராசில் அளந்தேன், 58 பவுண்டு. அதை இழுக்க அவர் வில்லை வானத்தை நோக்கித் தூக்கி, இடுப்பை முன்னால் தள்ளி, ஒரே உதறலில் இழுத்தார். "கபடி ஆடுன கை சார், இழுத்துருவேன்" என்றார். இழுத்தார் என்பது உண்மை. ஆனால் காம்பவுண்டை ஒரு முறை இழுப்பது ஒன்று, 60 முறை அமைதியாக இழுத்து, தேவைப்பட்டால் எய்யாமல் மெதுவாகத் திரும்ப விடுவது வேறு. திரும்ப விடும்போது குறைந்திருந்த எடை சட்டென்று முழுசாக வந்து ஆளையே முன்னால் இழுக்கும். அன்று அவரால் அதைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

அம்புகளையும் பார்த்தேன். உடலில் 340 என்று அச்சிட்டிருந்தது. இந்த எண் அம்பின் விறைப்பைச் சொல்வது: 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்கி நடுவில் 1.94 பவுண்டு எடை தொங்கவிட்டால் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வளைகிறது என்பது. எண் சிறியதாக இருந்தால் அம்பு விறைப்பு. 340 என்பது 70 பவுண்டு வில்லுக்கு ஏற்றது, இவர் எய்யப் போகும் எடைக்கு மிக விறைப்பானது. 6 அம்புகளையும் காதருகே லேசாக வளைத்துப் பார்த்ததில் ஒன்றில் நொறுங்கும் ஓசை கேட்டது. அதை அங்கேயே உடைத்துப் போட்டேன். விரிசல் விட்ட கார்பன் அம்பு எய்யும்போது சிதறினால் சிம்புகள் வில் பிடித்த கைக்குள் இறங்கும்.

இவ்வளவும் பார்த்தேன். லிம்புகளை, அதாவது வில்லின் வளையும் கைகளை, கூர்ந்து பார்க்கவில்லை.

முதல் முடிவும் அதற்கான காரணமும்

"பையன் ஆசைப்பட்டுட்டானுங்க. காசும் குடுத்தாச்சு. இதுலயே ஓட்டிக்க முடியுங்களா சார்?" என்று அப்பா கேட்டார்.

அந்தக் கேள்விக்கு "முடியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 38,000 ரூபாய் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று தெரிந்ததால், வில்லை எப்படியாவது அவருக்குப் பொருத்திவிடலாம் என்று யோசித்தேன். இழுப்பு நீளத்தை மாற்றும் துண்டான கேமின் மாட்யூலைத் திருப்பி, அதன் குறைந்தபட்ச அளவான 27 அங்குலத்துக்கு வைத்தேன். இன்னும் அரை அங்குலம் அதிகம். ரிலீஸ் மாட்டும் நாண் வளையமான டி-லூப்பைச் சிறியதாகக் கட்டி அந்த அரை அங்குலத்தைச் சமாளித்தேன். மேலும் கீழும் லிம்பு போல்ட்டுகளை, கையேடு அனுமதித்த அளவு, சம சுற்றுகள் தளர்த்தினேன். தராசு 51 பவுண்டு காட்டியது. அதற்குக் கீழே அந்த லிம்பு இறங்காது.

அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயங்கள்: உறுதியான உடம்பு, அரை அங்குலம் பெரிய விஷயமில்லை, 51 பவுண்டுக்குப் பழகிவிடுவார், கொஞ்ச நாளில் பணம் சேர்த்து வேறு வாங்கிக்கொள்ளலாம். இவற்றில் ஒன்றுகூட அவரை அளந்து வந்த முடிவு இல்லை. எல்லாமே செலவான பணத்தை ஒட்டி வந்தவை.

ஜனவரி, பிப்ரவரி: நடந்தது

வாரத்தில் 4 நாள், நாளைக்கு 60 அம்பு என்று தொடங்கினோம். முதல் 20 அம்பு வரை நிலை நன்றாக இருக்கும். 30ஐத் தாண்டியதும் வில் வானத்தை நோக்கிப் போகும். 40க்குப் பிறகு குறி வைக்க நேரமே எடுக்க மாட்டார், சைட் ஊசி இலக்கின் நடு மஞ்சளைத் தொட்டதும் ரிலீஸ் பொத்தானைத் தட்டிவிடுவார். வலிக்கும் கை சீக்கிரம் விட்டுவிடத்தான் பார்க்கும். இந்தத் தட்டும் பழக்கம் மூன்றே வாரத்தில் ஊறிவிட்டது, இன்றுவரை அதனோடு போராடிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது வாரம் இடது முன்கையில் ஒரு கையகல ரத்தக்கட்டு. கைக்காப்பைத் தாண்டியும் நாண் பட்டிருந்தது. நீளம் அதிகமான வில்லில் முழங்கை உள்பக்கம் திரும்பி நிற்கும், அதன் விளைவு இது. அதைப் பார்த்தவுடனேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். பிடியைத் திருத்துவதில்தான் கவனம் வைத்தேன்.

பிப்ரவரி முதல் வாரம் அவர் பயிற்சிக்கு வரவில்லை. மறுநாள் அம்மா பேசினார். "தலை சீவக்கூட கையைத் தூக்க மாட்டேங்குறானுங்க. ரெண்டு வாரமாவே ராத்திரி வலியில தூங்கறதில்ல. உங்ககிட்ட சொன்னா வில்லைத் தொட விடமாட்டீங்கன்னு சொல்லாம இருந்திருக்கானுங்க." வலது தோள். எலும்பு மூட்டு மருத்துவர் பார்த்துவிட்டு, தசைநாரில் அழற்சி, கிழிசல் இல்லை என்றார். 6 வாரம் முழு ஓய்வு, பிறகு இயன்முறைப் பயிற்சி.

ஓய்வுக் காலத்தில் தெரியவந்தது

சும்மா கிடக்கும் வில்லின் நாணையாவது மாற்றி வைக்கலாம் என்று எடுத்துப் பார்த்தேன். நாண் இழைகள் பஞ்சு போலப் பிரிந்திருந்தன, கேமருகே சுற்றுநூல் விலகியிருந்தது. நாண் மாற்ற வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸில் ஏற்றுவதற்கு முன் லிம்புகளின் ஓரத்தில் பஞ்சு உருண்டையைத் தடவிப் பார்ப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத சிம்பு இருந்தால் பஞ்சு மாட்டும். கீழ் லிம்பில், போல்ட்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, பஞ்சு மாட்டியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தலைமுடி போல ஒரு கோடு.

அந்த வில்லை அவர் ஏறக்குறைய ஒரு மாதம் எய்திருக்கிறார். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் 51 பவுண்டு அழுத்தத்தில் வளைந்து நின்ற லிம்பு அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது பையன் தலை குனிந்துகொண்டு ஒரு விஷயத்தைச் சொன்னார். வில் வந்த அன்று நண்பர் ஒருவர், அம்பு வைக்காமல் இழுத்துப் பார்த்து விட்டுவிட்டார். பெரிய சத்தம் வந்தது, வில்லில் எதுவும் தெரியவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அம்பு இல்லாமல் விட்டால், அம்பு எடுத்துச் செல்ல வேண்டிய அத்தனை ஆற்றலும் லிம்பு, கேம், நாண் மீதே திரும்பும். விரிசல் அப்போது வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதனால் விற்றவர் மீது நாங்கள் பழி போடவில்லை.

இரண்டாவது முடிவு

மார்ச் நடுவில் மூவரையும் உட்கார வைத்துப் பேசினேன். முதல் நாள் நான் செய்தது தவறு என்று முதலில் சொன்னேன். பிறகு இருந்த வழிகளைப் பேசினோம்.

லிம்பு மட்டும் மாற்றலாமா? அந்தப் பழைய மாடலுக்கு 40 பவுண்டு லிம்பு எங்கள் விசாரிப்பில் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் நீளச் சிக்கல் தீராது. வில்லை விற்றுவிடலாமா என்று அப்பா கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா, "நம்ம பையனுக்கு ஆகாதது இன்னொரு வீட்டுப் பையனுக்கு மட்டும் ஆகுங்களா?" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. சைட்டையும் ரிலீஸையும் கழற்றி வைத்துக்கொண்டோம், லிம்புகளை அறுத்துப் போட்டோம்.

ஜூன் வரை எந்த வில்லும் வாங்குவதில்லை என்று முடிவானது. பையனுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. தோள் ஆறிய பிறகு அவர் உண்மையில் எவ்வளவு எடையைக் கட்டுப்பாட்டோடு இழுக்கிறார் என்று தெரிய வேண்டும். அப்புறம், நிலை சரியானால் இழுப்பு நீளமே கால் அங்குலம், அரை அங்குலம் மாறும். புதியவர்கள் தோளைத் தூக்கி, உடம்பைக் குறுக்கி நிற்பார்கள். அப்போது எடுத்த அளவை நம்பி வில் வாங்கக் கூடாது.

முதல் மூன்று வாரம் ரப்பர் பட்டை மட்டும். பிறகு மைதானத்தில் இருக்கும் ஜெனிசிஸ் வில். 10 முதல் 20 பவுண்டு வரை மட்டுமே போகும் தொடக்க வில் அது. அதன் கேமில் எடை குறையும் இடமும் கிடையாது, நின்று முட்டும் சுவரும் கிடையாது. அதனால் யாருடைய நீளத்துக்கும் பொருந்தும். 51 பவுண்டு இழுத்தவர் 18 பவுண்டு எய்வதற்குக் கூச்சப்பட்டார். ஆனால் ஒரு நாளில் 80 அம்பு வரை நிலை கலையாமல் எய்தது அந்த வில்லில்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தோம். முதுகு நேராக நிற்கிறதா, நாண் மூக்கு நுனியைத் தொடுகிறதா, அம்பும் நாண் இழுக்கும் கையின் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்ப்போம். மே கடைசியில் அளந்தபோதும் 26.5 அங்குலமே வந்தது. இம்முறை அந்த எண்ணை நம்ப முடிந்தது.

எடையைச் சோதிக்க ஒரு வழி வைத்திருந்தோம். நாற்காலியில் உட்கார்ந்து, இரு கால்களையும் தரையிலிருந்து தூக்கி, அம்பு இலக்கை நோக்கியே இருக்க, வில்லை மேலே தூக்காமல் இழுக்க வேண்டும். 30 வினாடி நிறுத்தி, எய்யாமல் மெதுவாகத் திரும்ப விட வேண்டும். இதை அன்றைய பயிற்சியின் கடைசியில் செய்ய வேண்டும், தொடக்கத்தில் செய்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள். ஜூன் முதல் வாரம் 36 பவுண்டில் தேறினார். மூன்றாவது வாரம் 40ல் தேறினார்.

அந்தச் சோதனைக்கு வில்லை இரவல் தந்தவர் எங்கள் மைதானத்தின் மூத்த வீராங்கனை ஒருவர். அவருடைய பழைய வில்லும் தற்செயலாக 26.5 அங்குலம். பையன் முதல் முறை அதை முழுக்க இழுத்து, சுவரில் முட்டி நின்றபோது, நாண் தானாக மூக்கு நுனிக்கு வந்தது. கை தாடைக்குக் கீழே உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு இறக்கி, "சார், இது சும்மா நிக்குதுங்க" என்றார். ஜனவரியிலிருந்து நான் வாயால் சொல்லிவந்ததை அந்த ஒரு இழுப்பில் உணர்ந்துகொண்டார்.

எந்த வில், ஏன்

வீட்டின் புதிய வரம்பு 75,000 ரூபாய், பெரும்பகுதி அம்மாவின் சீட்டுப் பணம். மூன்று தேர்வுகள் இருந்தன. முதலாவது, புதிய வில், எல்லா உதிரிகளோடும் ஒரே பெட்டியில், 5 முதல் 70 பவுண்டு வரை மாற்றக்கூடியது, வில்லின் நீளம், அதாவது ஒரு கேமின் அச்சிலிருந்து மறு கேமின் அச்சுக்கு, 31 அங்குலம். இரண்டாவது, வேகத்துக்காகச் செய்த குட்டை வில், நாணுக்கும் பிடிக்கும் இடையே 6 அங்குலம்தான். மூன்றாவது, இரவல் தந்த வீராங்கனை விற்க நினைத்த இலக்கு வில்: 37 அங்குலம், பிடியிடைவெளி 7 அங்குலம், 25 முதல் 28 அங்குலம் வரை மாட்யூல், 40–50 பவுண்டு லிம்பு, 75 சதவீதம் எடை குறையும் கேம்.

இரண்டாவதை உடனே விட்டோம். பிடியிடைவெளி குறைந்தால் அம்பு நாணோடு அதிக நேரம் ஒட்டியிருக்கும், அதனால் பிடியில் செய்யும் சிறு பிழையும் இலக்கில் தெரியும். தொடக்கத்தில் பிழை இருக்கத்தானே செய்யும்.

முதலாவதை எளிதாகத் தள்ள முடியவில்லை. வளரும் பிள்ளைகளுக்கும், ஒரே வில்லை அண்ணன் தம்பி பகிர்வதற்கும் அது மிக நல்ல தேர்வு, 13 வயதுப் பிள்ளை என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன். இவருக்கு வளர்ச்சி முடிந்துவிட்டது, குறி 50 மீட்டர். இலேசான குட்டை வில் கையில் அதிகம் ஆடும். நீளமான வில் நிதானமாக நிற்கும். அதே சமயம் 26.5 அங்குல ஆளுக்கு 40 அங்குல வில்லும் தேவையில்லை. அவ்வளவு நீளம் வேண்டியது நெட்டையான ஆட்களுக்கு, முழு இழுப்பில் நாண் கூர்மையாக மடங்கி முகத்தை விட்டு விலகாமல் இருப்பதற்கு.

எடை குறையும் அளவைப் பற்றியும் பேசினோம். 40 பவுண்டில் 75 சதவீதம் குறைந்தால் கையில் நிற்பது 10 பவுண்டு. 85 சதவீதம் என்றால் 6 பவுண்டுதான். கேட்க சுகமாக இருக்கும், ஆனால் கையில் எதிர்ப்பே இல்லாவிட்டால் முதுகுத் தசை தூங்கிவிடும், ரிலீஸைத் தட்டும் பழக்கம் உள்ளவருக்கு அது மேலும் கெடுதல். 40–50 லிம்பு என்பதால் 40ல் தொடங்கி வருடக்கணக்கில் ஏற்ற இடமிருந்தது.

மூன்றாவதையே எடுத்தோம். விற்பவர் எங்கள் ஆள் என்பதால் விலையை நானும் அவரும் பேசக்கூடாது என்று வேறு ஊர்ப் பயிற்சியாளர் ஒருவரிடம் மதிப்புக் கேட்டோம். சைட், அதில் பொருத்தும் லென்ஸான ஸ்கோப்போடு 54,000. புது நாணும் கேபிளும் 6,500. 600 விறைப்பில் 12 அம்புகள் 9,000. வில் ஆடாமல் நிற்க முன்னால் பொருத்தும் ஒரு சிறிய ஸ்டெபிலைசர் 3,000. மொத்தம் 72,500. நீளமான ஸ்டெபிலைசர்களை வேண்டாம் என்றேன். உதிரிகள் எல்லாம் ஏறினால் இலக்கு வில் 3 கிலோவை எட்டும், ஆறிவரும் தோளுக்கு அது சுமை. ரிலீஸ் பழையதே போதும், மணிக்கட்டில் கட்டியிருப்பதால் நழுவாது. வாங்குவதற்கு முன் பஞ்சு, தராசு, அளவுநாடா மூன்றையும் பையன் கையிலேயே கொடுத்தேன். இரு லிம்புகளையும் அவரே தடவிப் பார்த்தார்.

தொடர்ந்து நடந்தவை

ஜூலையில் 18 மீட்டரில் தொடங்கினோம். வில்லை அமைக்கவே முழு நாள் எடுத்தது. கண்ணை மூடி இழுத்து, நின்று, கண்ணைத் திறந்தால் நாணில் பொருத்திய பீப் துளை நேராகக் கண்ணுக்கு முன் இருக்க வேண்டும். தலையைக் கொண்டுபோய்த் துளையைத் தேடக் கூடாது. நான்கு முறை பீப்பை நகர்த்தினோம்.

எடை ஏற்ற ஒரு ஒழுங்கு வைத்தோம்: நாற்காலிச் சோதனையில் இரண்டு வாரம் தொடர்ந்து தேறினால் போல்ட்டில் அரைச் சுற்று, ஏறக்குறைய ஒரு பவுண்டு. ஒவ்வொரு வாரமும் தோள் வலி உண்டா என்று நானே கேட்டுக் குறித்தேன். ஆகஸ்டில் ஒரு முறை "லேசா இருக்குங்க" என்றார். பத்து நாள் ஜெனிசிஸ் வில்லுக்குத் திரும்பினோம். ஜனவரியில் மறைத்தவர் இம்முறை தானே சொன்னார்.

செப்டம்பரில் 30 மீட்டர், நவம்பர் கடைசியில் 50 மீட்டர். 2025 பிப்ரவரியில் 44 பவுண்டில், 50 மீட்டரில் 72 அம்புகள் எய்து 720க்கு 618 எடுத்தார். காம்பவுண்டில் இது பெரிய எண் இல்லை, முன்னணி வீரர்கள் 700ஐத் தாண்டுபவர்கள். ஆனால் 72ஆவது அம்பை எய்தபோது அவருடைய முதுகு நேராக இருந்தது. அந்தப் படத்தை வைத்திருக்கிறேன்.

மாற்றிக்கொண்டவை

இப்போது யார் சொந்த வில்லோடு வந்தாலும், முதல் நாளே ஆளை அளப்பதற்கு முன் வில்லைப் பஞ்சால் தடவுகிறோம். அம்பில்லாமல் யாராவது விட்டார்களா என்று நேராகக் கேட்கிறோம். "திட்ட மாட்டேன், சொல்லு தம்பி" என்று சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள்.

வில் இல்லாமல் வருபவர்களிடம் முதல் 8 வாரம் எதுவும் வாங்க வேண்டாம் என்கிறோம். அந்த 8 வாரத்தில் அவர்களுடைய நீளமும் எடையும் எழுதி ஒரு தாள் தயாராகும். வாங்கப் போகும் வில்லின் மாட்யூல் எல்லைக்குள், அதன் கடைசி முனையில் இல்லாமல் நடுப்பகுதியில், அந்த நீளம் விழ வேண்டும். அரை அங்குலம் அதிகமென்றால் வேண்டாம். நீளமா எடையா, எதை விட்டுக்கொடுக்கலாம் என்று சிலர் கேட்கிறார்கள். இரண்டிலும் வேண்டாம், வேகத்தில் விட்டுக்கொடுங்கள் என்பேன்.

பணத்தைப் பற்றியும் முதலிலேயே பேசுகிறோம். வில்லுக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்காவது அம்பு, நாண், மற்றவற்றுக்குத் தனியாகப் போகும் என்று வீட்டாருக்குச் சொல்லிவிடுகிறோம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டு கலப்பு அணிப் பிரிவு சேர்க்கப்படும் என்று 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்த பிறகு, "எந்த வில் வாங்கலாம்?" என்று கேட்கும் பெற்றோர் அதிகமாகிவிட்டனர். படங்களை அனுப்பி, இது நல்லதா என்கிறார்கள். பிள்ளையை ஒரு சனிக்கிழமை அழைத்து வாருங்கள் என்று மட்டும் பதில் சொல்கிறேன்.

அந்த மாணவருக்கு ரிலீஸைத் தட்டும் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. வாரம் ஒரு நாள் 5 மீட்டரில், இலக்குக் காகிதம் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு 40 அம்பு எய்கிறார். எடையை 44லேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்.